காபித் தாத்தாவிடம் காசு வாங்குவது எப்படி?

லாஸ் வேகாஸில் ஏதாவது ஒரு கேசினோவின் போக்கர் அறைக்குள் வார நாளில் காலை பத்து மணிக்கு நுழைந்து பாருங்கள். ராத்திரி முழுக்கத் தோற்றுக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், விடுமுறைக்கு வந்த நாலு பேர், அப்புறம் கட்டாயம் ஒரு தாத்தா இருப்பார். முன்னால் காபிக் கோப்பை. சிப்ஸை (தின்கிற சிப்ஸ் இல்லை, பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) அளந்து வைத்தது போல அடுக்கியிருப்பார். சீட்டு வரும், பார்ப்பார், கீழே போடுவார். மறுபடி வரும், பார்ப்பார், போடுவார். ஒரு மணி நேரத்துக்கு இதேதான் வேலை.

அமெரிக்க போக்கர்க்காரர்கள் இவருக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'ஓல்ட் மேன் காஃபி'. தமிழில் காபித் தாத்தா. உண்மையில் வயது ஒரு பொருட்டே இல்லை. இருபத்தைந்து வயதில் காபித் தாத்தா ஆனவர்களும் உண்டு. நல்ல சீட்டு வந்தால்தான் பணத்தை வெளியே எடுப்பேன் என்று சபதம் போட்ட எல்லோரும் இந்தக் கட்சிதான்.

இவரிடம் ஏமாற்றி ஜெயிப்பது எப்படி என்று எல்லோரும் பேசுவார்கள். அது சுலபம், அவர்தான் பயந்து போட்டுவிடுவாரே. கஷ்டமான கேள்வி வேறு. உங்கள் கையில் நிஜமாகவே நல்ல சீட்டு இருக்கிறது. எதிரில் இருப்பவர் காபித் தாத்தா. இப்போது அவர் பணத்தை எப்படி வாங்குவது?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி

டெக்ஸாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு, ரகசியம். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று சேர்ந்து விழும், அது ஃப்ளாப். அடுத்த ஒன்று டர்ன். கடைசி ஒன்று ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம். எதிராளி அதே அளவு கட்டினால் 'கால்', ஏற்றினால் 'ரெய்ஸ்', சீட்டைப் போட்டால் அவர் கதை முடிந்தது. நடுவில் சேரும் பணம் 'பாட்'. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்காமலே கட்ட வேண்டிய சிறு தொகை 'பிளைண்ட்'. இங்கே சொல்லப்போவது ஒரு டாலர், இரண்டு டாலர் பிளைண்ட் உள்ள மேசை. கேசினோக்களில் சாதாரண ஜனங்கள் ஆடும் மேசை அதுதான்.

ஜெயித்த பையன்

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது இருபத்திரண்டு. கையில் 200 டாலர். தாத்தாவிடமும் 200. தாத்தா 12 டாலருக்கு ஏற்றுகிறார். அவர் ஏற்றினால் என்ன அர்த்தம் என்று மேசைக்கே தெரியும்: ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஜாக் ஜோடி, இல்லையென்றால் ஏஸ்-ராஜா. பையனிடம் இரண்டு ஐந்து. கால் பண்ணுகிறான். மற்றவர்கள் விலகிவிட, பாட்டில் 27 டாலர்.

ஃப்ளாப்: ராஜா, எட்டு, ஐந்து. மூன்றும் வேறு வேறு ஜாதி.

பையனுக்கு மூன்று ஐந்து சேர்ந்துவிட்டது. நெஞ்சு அடிக்கிறது. தாத்தா 20 டாலர் வைக்கிறார். இங்கே ஏற்றினால் தாத்தா ஓடிவிடுவாரே, பொறுமையாகப் பிடிப்போம் என்று நினைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வெறும் கால் பண்ணுகிறான்.

டர்ன் ஏழு. தாத்தா 'செக்' என்று மேசையைத் தட்டுகிறார், அதாவது பணம் வைக்கவில்லை. பையனும் தட்டுகிறான். இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வளரட்டுமே! ரிவர் ஆறு. நடுவில் இப்போது ஐந்து, ஆறு, ஏழு, எட்டு வரிசையாகக் கிடக்கிறது. யாரிடமாவது ஒரு ஒன்பதோ நாலோ இருந்தால் தொடர் முடிந்தது. தாத்தா மறுபடி தட்டுகிறார். பையன் 60 டாலர் வைக்கிறான். தாத்தா ஒரு வாய் காபி குடிக்கிறார். நடுவில் இருக்கும் சீட்டுகளைப் பார்க்கிறார். தன் இரண்டு ஏஸையும் திருப்பிக் காட்டிவிட்டுக் கீழே போடுகிறார்.

பையன் பாட்டை இழுத்துக்கொள்கிறான். ஜெயித்தான். ஆனால் ஜெயித்தானா?

காஸ்ட் அக்கவுண்டிங்

கையில் ஒரு ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் அதே எண் இன்னொன்று விழும் வாய்ப்பு சுமார் 11.8 சதவீதம். அதாவது எட்டரை தடவைக்கு ஒரு தடவை. மீதி ஏழரை தடவை அந்த 12 டாலர் அம்பேல். 7.5 × 12 = 90. ஆக, சீட்டு விழும் அந்த ஒரு தடவையில் சராசரியாக 90 டாலர் கிடைத்தால்தான் போட்டது போட்டபடி திரும்பும். லாபம் அதற்கு மேல்தான்.

பையனுக்குக் கிடைத்தது எவ்வளவு? தாத்தா முதலில் வைத்த 12, பிளைண்ட் 3, ஃப்ளாப்பில் 20. மொத்தம் 35. அதிலும் கேசினோ தன் பங்கைப் பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், சீட்டுப் போடுபவருக்கு ஒரு டாலர் டிப்ஸ் வேறு. அதையெல்லாம் விட்டாலும் 55 டாலர் துண்டு விழுகிறது. சரக்கு விற்ற சந்தோஷத்தில் அடக்க விலையை மறந்த கடைக்காரர் மாதிரி. கல்லாவில் காசு விழுந்த சத்தம் கேட்டது, கணக்கில் நஷ்டம்.

சரி, ஃப்ளாப்பிலேயே அவன் 60 டாலருக்கு ஏற்றியிருந்தால்? தாத்தா கட்டினால் பாட் 147. இருவரிடமும் மிச்சம் 128. டர்னில் அதை மொத்தமாக நடுவில் தள்ள வேண்டியதுதான்.

இப்போது தாத்தாவிடம் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணலாம். ஏஸ் ஜோடி 6 விதமாக வரும். ஒரு ராஜா நடுவில் கிடப்பதால் ராஜா ஜோடி 3 விதம்தான், ஏஸ்-ராஜா 12 விதம். ராணி ஜோடி 6, ஜாக் ஜோடி 6. மொத்தம் 33. ஏஸ் ஜோடியும் ஏஸ்-ராஜாவுமாக 18 விதத்தில் அவர் கடைசிவரை கட்டினால் ஒவ்வொன்றுக்கும் 203 டாலர் வரவு. ராணி, ஜாக் ஜோடி 12 விதத்தில் ஏற்றியதும் ஓடிவிடுவார், வரவு அதே 35. ராஜா ஜோடி 3 விதத்தில் பையனே மாட்டினான், 200 டாலர் செலவு. கூட்டிக் கழித்து 33ஆல் வகுத்தால் சுமார் 105. தாத்தாவுக்கு மூன்றாவது ஏஸ் விழுவது போன்ற விபத்துகளையும் கேசினோவின் பங்கையும் கழித்தால் 90ஐ ஏதோ கொஞ்சம் தாண்டும். அவ்வளவுதான்!

இந்தக் 'கொஞ்சம்' முக்கியம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே லாபம் மெல்லிசு. தாத்தா ஏஸ்-ராஜாவைப் பாதியில் போட்டுவிடுகிறவர் என்றால் அதுவும் இல்லை, அந்த ஐந்து ஜோடியை ஆரம்பத்திலேயே போட்டிருக்கலாம். இருவரிடமும் 200க்குப் பதில் 400 இருந்தால் கதை வேறு. இவ்வளவு மெல்லிய லாபத்தில் ஒரு கட்டத்தைச் சும்மா தட்டிவிட்டுப் போனால் என்ன மிஞ்சும்?

பொறி யாருக்கு வைப்பது

பையனுக்குப் பொறி வைக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். 1998ல் வந்த 'ரவுண்டர்ஸ்' படத்தில் 1988 உலக போக்கர் தொடரின் கடைசி ஆட்டத்தைக் காட்டுவார்கள். ஜானி சானிடம் கிளாவர் ஜாக்கும் ஒன்பதும். எரிக் சைடலிடம் ராணியும் ஏழும். ஃப்ளாப்பில் ராணி, பத்து, எட்டு. சானுக்கு அப்போதே தொடர் முடிந்துவிட்டது, அதைவிடப் பெரிய கை அந்த நேரத்தில் எதுவும் கிடையாது. அவர் அவசரப்படவில்லை. கடைசியில் ராணி ஜோடியை நம்பி சைடல் தன் மொத்தப் பணத்தையும் தள்ளினார். சான் தொடர்ந்து இரண்டாவது வருடமாகச் சாம்பியன்.

அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒவ்வொரு பையனும் தன்னை ஜானி சான் என்று நினைத்துக்கொள்கிறான். எதிரில் யார் இருந்தார் என்பதைத்தான் மறந்துவிடுகிறான். மேசையில் இருவர் மட்டுமே மிச்சம் இருக்கும்போது ராணி ஜோடி பெரிய கை. சைடல் தானே பணம் வைக்கும் நிலையில் இருந்தார். எலி தானாக ஓடிவந்தால்தான் பொறிக்கு வேலை. காபித் தாத்தா தானாக ஓடிவரும் எலி இல்லை. நீங்கள் தட்டினால் அவரும் நிம்மதியாகத் தட்டுவார். இலவசமாக அடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டு, பயப்பட ஒரு காரணம் தேடுவார். ஒவ்வொரு புதுச் சீட்டும் அவருக்கு ஒரு புதுக் காரணம். நடுவில் ஒரு ஏழும் ஆறும் விழுந்தால் போதும், இரண்டு ஏஸ் காகிதமாகிவிடும்.

ஆகவே இறுக்கமான ஆளிடம் பணம் வாங்க ஒரே நேரம் இருக்கிறது: அவர் தன் சீட்டை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் நேரம். அது பெரும்பாலும் ஃப்ளாப். அப்போதே கேட்டுவிட வேண்டும்.

கடைசிப் பந்தயம்தான் பெரிசு

ஒரு கட்டம் தட்டினால் முதல் பந்தயம் மட்டும்தானே போகிறது, 20 டாலர்தானே என்று தோன்றும். இல்லை. தாத்தா தட்டிவிட்டு, பையன் மூன்று கட்டத்திலும் பணம் வைக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட் 27. ஃப்ளாப்பில் 20 வைத்து, அவர் கட்டினால் 67. டர்னில் 50 வைத்து, கட்டினால் 167. ரிவரில் மிச்சம் 118, மொத்தமும் உள்ளே. 20 + 50 + 118 = 188.

ஒரு கட்டம் தவறினால் மீதி இருப்பது இரண்டு பந்தயம். அவை 20, 50. மொத்தம் 70. போனது 20 இல்லை, 118! கூட்டு வட்டியில் ஒரு வருடத்தை இழந்தால் முதல் வருட வட்டியா போகிறது? கடைசி வருட வட்டிதான் போகிறது. பாட்டும் அப்படித்தான் வளர்கிறது.

என்ன விலை வைப்பது

இங்கேதான் பி.காம் முதல் வருட எகனாமிக்ஸ் உதவுகிறது. பந்தயம் என்பது விலை. எதிராளி வாடிக்கையாளர். விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். எவ்வளவு குறைவர் என்பதுதான் தேவை நெகிழ்ச்சி.

ரிவரில் பயமுறுத்தும் சீட்டு எதுவும் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜா ஜோடியை இப்போதைக்கு மறந்துவிடலாம். 40 டாலர் வைத்தால் ராணி, ஜாக் ஜோடி உட்பட 30 விதமும் கட்டும் என்றே தாராளமாக நினைத்தாலும் 30 × 40 = 1200. 118 வைத்தால் ஏஸ் ஜோடியும் ஏஸ்-ராஜாவும் மட்டும் கட்டும், 18 × 118 = 2124. பன்னிரண்டு சின்ன வாடிக்கையாளர்களை இழந்தும் கல்லா நிறைகிறது.

இப்போது அதே ரிவரில் தொடர் வந்துவிட்டது போலத் தெரிகிறது. 118 என்றால் ஏஸ் ஜோடியில் பாதிப் பேர் பிடிவாதத்தில் கட்டலாம், 3 × 118 = 354. 40 என்றால் 18 விதமும் முனகிக்கொண்டே கட்டும், 18 × 40 = 720. இப்போது மலிவு விலைதான் லாபம். பையன் வைத்த 60ஐவிட 25 வைத்திருந்தால், தாத்தா "பார்த்துத்தான் விடுவோமே" என்று கட்டியிருக்கக்கூடும்.

இந்த எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கேள்வி மாறாது. "என் கை எவ்வளவு பெரியது" என்று கேட்பவன் சரக்கைப் பார்க்கிறான். "அவரிடம் என்ன இருக்கிறது, அதற்கு அவர் எவ்வளவு கொடுப்பார்" என்று கேட்பவன் சந்தையைப் பார்க்கிறான். தங்கமே ஆனாலும் வாங்க ஆள் இல்லாத ஊரில் அது மஞ்சள் உலோகம்தான்.

அவர் திருப்பி ஏற்றினால்

இதையும் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். டர்னிலோ ரிவரிலோ நீங்கள் பணம் வைத்து, காபித் தாத்தா அமைதியாக அதை மூன்று மடங்காக ஏற்றுகிறார் என்றால் நம்புங்கள். அவர் பொய் சொல்லி ஆடுவது அபூர்வம். உங்கள் இரண்டு ஜோடி ஐந்து நிமிடம் முன்பு அழகாக இருந்திருக்கலாம், இப்போது அது தோற்ற கை. அவரிடம் வாங்கிய நாலு சின்னப் பாட்டையும் ஒரே பெரிய பாட்டில் திருப்பிக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

அவர் போட்டுவிடும் சீட்டுகளிலும் காசு இருக்கிறது. அவர் பிளைண்டில் இருக்கும்போது சுமாரான சீட்டிலும் ஏற்றலாம், பெரும்பாலும் அந்த மூன்று டாலர் உங்களுக்குத்தான். அது சில்லறை வியாபாரம். பெரிய கை மொத்த வியாபாரம். மொத்த வியாபாரம் எப்போதாவதுதான் நடக்கும்.

தாத்தாவின் கணக்கு

இவ்வளவு நேரம் தாத்தாவை வாடிக்கையாளராகவே பார்த்தாயிற்று. அவர் பக்கம் உட்கார்ந்தும் ஒரு கணக்குப் போடலாம்.

நேரில் ஆடும் மேசையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டம். ஒன்பது பேர் மேசை என்றால் மூன்று சுற்றுக்கு மேல் வரும். சுற்றுக்கு 3 டாலர் பிளைண்ட், ஆக மணிக்குச் சுமார் 10 டாலர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கான வாடகை. மொத்தம் உள்ள 1326 இரண்டு சீட்டுச் சேர்க்கைகளில் அவர் ஆடும் கைகள் 40. அதாவது 33 ஆட்டத்துக்கு ஒன்று, மணிக்கு ஒரு தடவை. ஏஸ் ஜோடி மட்டும் என்றால் 221 ஆட்டத்துக்கு ஒன்று, ஏழு மணி நேரத்துக்கு மேல்!

ஒரு மணி நேரம் காத்திருந்து, வந்த ஒரே நல்ல கையில் அவர் ஏற்றுகிறார். மேசையே சீட்டைப் போட்டுவிடுகிறது. கிடைப்பது 3 டாலர். வாடகை 10. பையனுக்கு வந்த அதே வியாதிதான் தாத்தாவுக்கும்: கை பெரியது, கொடுக்க ஆள் இல்லை. தப்புச் செய்யாமலே தோற்கிறார். ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் சரி, மாதக் கடைசியில் பணம் குறைந்திருக்கும். "இந்தக் காலப் பசங்களுக்கு அதிர்ஷ்டம்" என்பார்.

இறுக்கமாக ஆடுவது தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. டான் ஹாரிங்டன் இறுக்கமாக ஆடிப் பெயர் எடுத்தவர். கிண்டலாக 'ஆக்‌ஷன் டான்' என்று கூப்பிடுவார்கள். அவர் 1995ல் உலக சாம்பியன். 2003லும் 2004லும் ஆட்கள் குவியத் தொடங்கிய காலத்திலும் மறுபடி கடைசி மேசை வரை வந்தவர். 2004 கடைசி மேசையில் வெறும் ஆறு-இரண்டை வைத்துக்கொண்டு பெரிதாக ஏற்றினார். எல்லோரும் போட்டுவிட்டார்கள். பல மணி நேரம் சேர்த்த நல்ல பெயரை ஒரே செக்கில் எடுத்துக்கொண்டார். வித்தியாசம் அவ்வளவுதான். தாத்தா நல்ல பெயரைச் சேமிக்கிறார், செலவழிப்பதே இல்லை.

மறுபடி அதே மேசை

பையனுக்கு இன்னொரு தடவை ஃப்ளாப்பில் மூன்று சேர்கிறது. எதிரில் அதே தாத்தா. இந்தத் தடவை சோக முகம் இல்லை, நடிப்பு இல்லை. தாத்தா 20 வைத்ததும் பையன் நேராக 60 வைக்கிறான். தாத்தா ஒரு வாய் காபி குடித்துவிட்டு ஜாக் ஜோடியைக் காட்டிக் கீழே போடுகிறார்.

மறுபடி 35 டாலர்தான். ஆனால் இந்த 35 வேறு. அவரிடம் கொடுக்க அவ்வளவுதான் இருந்தது, பையன் அதை வாங்கிவிட்டான். முந்தைய தடவை இரண்டு ஏஸை வைத்துக்கொண்டு கொடுக்கத் தயாராக இருந்த மனிதரிடம் கேட்கவே இல்லை.

கேட்டுக் கிடைக்காமல் போனால் வருத்தப்பட ஒன்றுமில்லை. கேட்காமல் விட்டதுதான் நஷ்டக் கணக்கில் வரும் :-)